சாத்தான் மேல் கேஸ், பீநட் பட்டருக்குக் கேஸ்: அமெரிக்கக் கைதிகளின் ‘வெட்டி வழக்கு’கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சிறைக் கைதிகள் போடும் விசித்திர வழக்குகளைப் பற்றிய துணுக்குகள் தமிழிலும் அவ்வப்போது வலம் வருகின்றன. படித்ததும் சிரிப்பு வரும். அடுத்ததாக, ‘இதையெல்லாம் கோர்ட் எப்படி எடுத்துக்கொள்கிறது?’ என்ற கேள்வி வரும். எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் சுருக்கமான பதில். எப்படி எடுத்துக்கொள்ளாமல் விடுகிறது, அந்த வேகத்தில் வேறு எதையெல்லாம் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது என்பது கொஞ்சம் நீளமான கதை.

சாத்தான் மேல் வழக்குப் போட்டது நிஜமா?

நிஜம். 1971-இல் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் சிறையிலிருந்த ஒரு கைதி, சாத்தான் மீதும் ‘அவனுடைய ஊழியர்கள்’ மீதும் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் மனுப் போட்டார். சாத்தான் தன் வழியில் வேண்டுமென்றே தடைகளை வைத்தான், தன் வீழ்ச்சிக்குக் காரணமானான், ஆகவே தன் அரசியலமைப்பு உரிமைகள் பறிபோயின என்பது புகார். நீதிபதி ஜெரால்ட் வெபர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு உத்தரவு எழுதினார். எதிர்மனுதாரர் இந்த நீதிமன்ற எல்லைக்குள் வசிப்பதாக மனுவில் இல்லை; அவனால் பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம் என்பதால் இது எல்லோர் சார்பிலுமான கூட்டு வழக்காக நடத்த வேண்டியதா என்று பார்க்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, சம்மனை எங்கே கொண்டுபோய்ச் சார்வு செய்வது என்று மனுதாரர் சொல்லவில்லை. கட்டணமில்லாமல் வழக்கு நடத்த அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது.

தன் மேலேயே வழக்குப் போட்டவர் கதையும் உண்மைதான். 1995, வர்ஜீனியா. தான் குடித்துத் தன் மத நம்பிக்கையைத் தானே மீறிவிட்டதாகச் சொல்லித் தன்னிடமே 50 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கேட்டார் ஒரு கைதி. சிறையில் தனக்கு வருமானம் இல்லாததால் அந்தப் பணத்தை மாநில அரசு கட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. புதுமையான அணுகுமுறை என்று நீதிபதி பாராட்டிவிட்டுத் தள்ளுபடி செய்தார்.

இவை இரண்டும் பழைய சட்டப்படியே முளையிலேயே கிள்ளப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழைகள் கட்டணமின்றி வழக்குப் போட இடம் தரும் 1892-ஆம் ஆண்டுச் சட்டமே, அற்பமான வழக்கைத் தள்ளும் அதிகாரத்தையும் நீதிபதிக்குத் தந்திருந்தது.

‘அற்பமான வழக்கு’ என்று கோர்ட் எதைச் சொல்கிறது?

டீக்கடையில் நாம் சொல்லும் ‘அற்பம்’ வேறு, கோர்ட் சொல்வது வேறு. தொகை சிறியதாக இருப்பதாலோ விஷயம் வேடிக்கையாக இருப்பதாலோ ஒரு வழக்கு அற்பமாகிவிடாது. சட்டத்திலோ நடந்த சம்பவத்திலோ வாதிடுவதற்குக்கூட ஓர் ஆதாரம் இல்லாதிருந்தால்தான் அது அற்பம் என்று 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நைட்ஸ்கே எதிர் வில்லியம்ஸ் வழக்கில் சொன்னது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: தோற்கப்போகிற வழக்கு எல்லாம் அற்பமான வழக்கு அல்ல. சட்டம் தெரியாமல் தவறான வாதத்தை வைப்பவர் வேறு, வாதமே இல்லாமல் வருபவர் வேறு.

1992-இல் டென்டன் எதிர் ஹெர்னாண்டெஸ் வழக்கில் ‘சம்பவத்திலேயே ஆதாரமில்லை’ என்பதற்கு விளக்கம் கிடைத்தது. கட்டுக்கதை, மனப்பிரமை, நடக்கவே முடியாதது என்று பட்டால் தள்ளலாம். ஆனால் ‘நம்பக் கஷ்டமாக இருக்கிறது’ என்பது மட்டும் போதாது. உண்மை பல நேரம் கற்பனையைவிட விசித்திரமானது என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் அதில் எழுதினார். சிறையைப் பற்றிய வழக்கில் இது முக்கியமான எச்சரிக்கை. மதில் சுவருக்கு உள்ளே நடப்பது வெளியே இருப்பவருக்கு எப்போதும் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அப்போது தள்ளுபடியாகும் வழக்குகளில் பெரும்பாலானவை என்ன மாதிரியானவை?

சாத்தான் வகை மிகக் குறைவு. மற்றவை பார்க்கச் சலிப்பானவை, ஒரே அச்சில் வார்த்தவை. நீதிபதி மீதும் அரசு வழக்கறிஞர் மீதும் நஷ்ட ஈடு கேட்பார்கள்; அவர்களுக்கு அந்தப் பணி தொடர்பாகச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சிறைக் கட்டடத்தையே எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள். கட்டடம் ‘நபர்’ ஆகாது. நடந்ததில் நேரடித் தொடர்பு இல்லாத கண்காணிப்பாளரை, ‘அவர்தானே மேலதிகாரி’ என்று சேர்ப்பார்கள். தண்டனையே தவறு என்பதை நஷ்ட ஈட்டு வழக்காக எழுதுவார்கள். தண்டனை ரத்தாகும்வரை அதற்கு வழியில்லை என்று 1994-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கவனக்குறைவு என்பது இன்னொரு குழி. சிறை மாடிப்படியில் காவலர் விட்டுச்சென்ற தலையணையில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்ட ஒருவரின் வழக்கு 1986-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. வெறும் கவனக்குறைவு அரசியலமைப்பு மீறல் ஆகாது என்று தோற்றார். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, தபாலில் வரவழைத்த 23 டாலர் 50 சென்ட் மதிப்புள்ள கைவினைப் பொருட்கள் சிறையில் தொலைந்த வழக்கும் அங்கேதான் போய் முடிந்தது. அவரும் தோற்றார். இரண்டிலும் சம்பவம் நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. விழுந்தது உண்மை, தொலைந்தது உண்மை. தட்டிய கதவுதான் வேறு.

கைதிகளுக்கென்று தனிச் சட்டம் எப்போது, ஏன் வந்தது?

மாநிலச் சிறையில் இருப்பவர் ஃபெடரல் நீதிமன்றத்தில் சிவில் உரிமை வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் கூப்பர் எதிர் பேட் வழக்கில் உறுதி செய்தது. 1976-இல் இன்னொரு கைதியின் வழக்கில், சிகிச்சையை வேண்டுமென்றே அலட்சியம் செய்வது கொடூரமான தண்டனைக்குச் சமம் என்றது. கதவு திறந்ததும் மனுக்கள் குவிந்தன. 1970-களின் தொடக்கத்தில் வருஷத்துக்குச் சில ஆயிரமாக இருந்தவை 1995-இல் சுமார் 40,000 ஆயின. கைதிகள் வழக்குப் பைத்தியம் பிடித்து அலைகிறார்கள் என்று அரசியல்வாதிகள் சொன்னார்கள். அதே காலத்தில் கைதிகளின் தொகையே பல மடங்கு பெருகியிருந்ததை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

1995 மே மாதம் செனட்டர் பாப் டோல் செனட்டில் ஒரு பட்டியல் வாசித்தார். சாமான் வைக்க அலமாரி போதவில்லை, சிறை நாவிதர் முடியைச் சரியாக வெட்டவில்லை, ஊழியர் ஒருவரின் வழியனுப்பு பீட்சா விருந்துக்கு அழைக்கவில்லை, வழவழப்பான பீநட் பட்டர் கேட்டால் கடலைத் துணுக்கு கலந்ததைக் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் வழக்கா என்றார். நியாயமான குறைகளைத் தடுப்பது நோக்கமல்ல என்று இன்னொரு செனட்டர் ஆரின் ஹேட்ச் உறுதி சொன்னார். கைதிகளின் வழக்குகளுக்குக் கடிவாளம் போடும் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் ஒரு நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் வாலில் கட்டப்பட்டு நிறைவேறியது; 1996 ஏப்ரல் 26 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டார்.

அந்தப் பீநட் பட்டர் வழக்கில் உண்மையில் நடந்தது என்ன?

இந்தக் கேள்வியை யாராவது அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டவர் ஜான் நியூமன் என்ற நீதிபதி. நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அரசு வழக்கறிஞர்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த ‘வேடிக்கை’ வழக்குகளின் கட்டுகளை வரவழைத்துப் படித்து, 1996-இல் ஒரு சட்ட இதழில் எழுதினார்.

கைதி சிறைக் கேன்டீனில் தன் கணக்குப் பணத்தில் பீநட் பட்டர் வாங்கியிருக்கிறார். கேட்டதற்குப் பதில் வேறு வகை வந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்திருக்கிறார்; சரியானதை அனுப்புகிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள். அன்றிரவே அவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பாட்டிலும் வரவில்லை, கணக்கில் பிடித்த 2 டாலர் 50 சென்ட்டும் திரும்பவில்லை. அவர் கேட்டது அந்தப் பணத்தை.

நம் ஊரில் மளிகைக் கடைக்காரர் இப்படிச் செய்தால் கடை வாசலில் நின்று சத்தம் போடுவோம். பூட்டிய அறைக்குள் இருப்பவருக்குக் கடை வாசல் கிடையாது. இரண்டரை டாலருக்கு ஃபெடரல் கோர்ட் சரியான இடமா என்றால், இல்லை. நியூமனும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ‘வழவழப்பா, துணுக்கா என்று சண்டை போட்டார்’ என்பதும் ‘கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டார்’ என்பதும் ஒரே கதை இல்லை. சாலட் கொடுக்கவில்லை என்று வழக்கு என இன்னொன்றைச் சொல்லிச் சிரித்தார்களே, அந்த மனுவைப் புரட்டினால் சிறை நெரிசலும் சுகாதாரமற்ற உணவும் பற்றிய புகார்கள் இருந்தன; சாலட் அதில் ஒரு ஓரத்தில்.

சட்டம் வந்த பிறகு மனு போட்டால் என்ன நடக்கும்?

முதலில் வடிகட்டல். அரசு அல்லது அரசு ஊழியர் மீது கைதி போடும் ஒவ்வொரு சிவில் வழக்கையும், முடிந்தால் பதிவாகி நம்பர் ஆகும் முன்பே, இல்லையென்றால் ஆன கையோடு, நீதிமன்றமே படித்துப் பார்த்தாக வேண்டும். 1915ஏ என்ற பிரிவு சொல்வது இது. நான்கு காரணங்களில் எது இருந்தாலும் தள்ளுபடி: அற்பமானது, தீய நோக்கம் கொண்டது, சொன்னதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி வழக்குக்கான அடிப்படை தேறாதது, சட்டப் பாதுகாப்பு உள்ளவரிடம் பணம் கேட்பது.

மூன்றாவதைக் கவனியுங்கள். 1989 தீர்ப்பு ‘தோற்கிற வழக்கு வேறு, அற்ப வழக்கு வேறு’ என்று பிரித்துவைத்ததல்லவா? இந்தச் சட்டம் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது.

நடைமுறையில், வக்கீல் இல்லாதவர் மனுக்களுக்கென்றே நீதிமன்றத்தில் இருக்கும் சட்ட உதவியாளர்களும் மாஜிஸ்திரேட் நீதிபதிகளும்தான் இவற்றை முதலில் படிக்கிறார்கள். எதிர்த்தரப்புக்கு இந்தக் கட்டத்தில் சம்மனே போவதில்லை. போனாலும், நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழியப் பதில் மனுப் போட வேண்டியதில்லை. போடாததைக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகவும் எடுக்க முடியாது. ஆக, பெரும்பாலான தள்ளுபடிகள் ஒரு கையெழுத்து மனுவுக்கும் அதைப் படிப்பவருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகின்றன.

வக்கீல் இல்லாதவர் எழுதியதைத் தாராள மனதோடு படிக்க வேண்டும் என்ற 1972-ஆம் ஆண்டு விதி இன்றும் உண்டு. குறை திருத்தக்கூடியதாக இருந்தால், திருத்திப் போட அவகாசம் தருவதும் வழக்கம்.

கட்டணம் இல்லாமல் போடலாமே?

இப்போது முடியாது. வெளியே இருக்கும் ஏழைக்குக் கட்டணம் தள்ளுபடியாகும்; உள்ளே இருக்கும் ஏழைக்குத் தவணை மட்டும்தான். ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குக் கட்டணம் 350 டாலர். முந்தைய ஆறு மாதம் கைதியின் சிறைக் கணக்கில் விழுந்த பணத்தின் மாதச் சராசரி, அல்லது மாத இருப்பின் சராசரி, எது அதிகமோ அதில் 20 சதவீதம் முதல் தவணை. பிறகு கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் முந்தைய மாத வரவில் 20 சதவீதம் பிடிப்பு. வழக்கு மறுவாரமே தள்ளுபடியானாலும் முழுத் தொகையும் தீரும்வரை பிடித்தம் ஓடும்.

ஃபெடரல் சிறையில் சாதாரண வேலைக்கு மணிக்கு 12 முதல் 40 சென்ட்வரை கூலி. அடிமட்டக் கூலியில் 350 டாலர் சேர்க்க 2,900 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்; நாளைக்கு எட்டு மணி நேரம் என்றாலும் 365 நாள். டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் சிறை வேலைக்குக் கூலியே கிடையாது. வீட்டிலிருந்து அம்மாவோ மனைவியோ அனுப்புகிற பணத்தில்தான் கோர்ட் கை வைக்கும். சோப்பும் தபால் தலையும் வாங்குவதும் அதே பணத்தில்தான்.

இரண்டு வழக்கு இருந்தால்? 20-உம் 20-உம் 40 சதவீதம். ஐந்து இருந்தால் மாத வரவு முழுவதும் போய்விடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும் என்று 2016-இல் புரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. கையில் ஒன்றுமே இல்லாதவரை அதற்காகத் தடுக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர் உள்ளே வரலாம், கடனோடு.

தண்டனையையே எதிர்க்கும் ஆட்கொணர்வு மனு இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்குக் கட்டணம் 5 டாலர்.

‘மூன்று ஸ்டிரைக்’ என்கிறார்களே?

பேஸ்பால் ஆட்டத்தில் மூன்று முறை பந்தைத் தவறவிட்டால் அவுட். அங்கிருந்து எடுத்த சொல். சிறையில் இருக்கும்போது ஒருவர் போட்ட வழக்கோ மேல்முறையீடோ அற்பமானது, தீய நோக்கம் கொண்டது, அடிப்படை தேறாதது என்ற காரணங்களில் மூன்று முறை தள்ளுபடியானால், அதற்குப் பிறகு தவணை வசதி கிடையாது. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நிர்வாகக் கட்டணம் 55 டாலரும் சேர்த்து 405 டாலர். கைதிக்கு இது கதவைச் சாத்தியதற்குச் சமம்.

ஒரே விதிவிலக்கு, ‘கடுமையான உடற்காயம் ஏற்படும் உடனடி ஆபத்து’. மனுப் போடும் நேரத்தில் ஆபத்து இருக்க வேண்டும். போன மாதம் அடித்தார்கள், இப்போது அடிக்கவில்லை என்றால் விதிவிலக்கு இல்லை.

எண்ணும் முறையும் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. மூன்றாவது தள்ளுபடியை எதிர்த்து மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் அது கணக்கில் சேரும் (2015). புதிதாக மறுபடி வழக்குப் போடத் தடையில்லை என்ற வகையில் தள்ளியிருந்தாலும், காரணம் அடிப்படை தேறாதது என்றால் அதுவும் சேரும் (2020). இந்த எண்ணிக்கைக்குக் காலாவதியும் இல்லை. இருபது வயதில் உள்ளே போய், சட்டம் தெரியாமல் கிறுக்கிப் போட்ட மூன்று மனுக்கள் அறுபது வயதிலும் கூடவே வரும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகக் கடுமையாகப் படுவது இதுதான்.

முதலில் சிறைக்குள்ளேயே புகார் செய்ய வேண்டுமாமே?

வழக்குகள் அதிகம் சாகும் இடம் இதுதான். நீதிமன்றத்துக்கு வரும் முன் சிறையின் குறைதீர் முறையை முழுவதும் முடித்துவிட்டு வர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் அலுவலகத்திலும் முதலில் கீழ்நிலை அதிகாரியிடம் மனு, பிறகு மேல்நிலை என்றுதானே போகிறோம். சிக்கல் விவரத்தில் இருக்கிறது.

கலிபோர்னியாவில் சம்பவத்திலிருந்து 15 வேலை நாட்களுக்குள் புகார் எழுத வேண்டும் என்ற விதி இருந்தது. ஒருவர் ஆறு மாதம் கழித்து எழுதினார், நிராகரித்தார்கள். புகார் கொடுத்தாயிற்றே, இனி வழக்குப் போடலாமே என்றார். முடியாது, அந்தந்தக் காலக்கெடுவுக்குள், அந்தந்த முறைப்படி முடித்தால்தான் முடித்ததாக அர்த்தம் என்று 2006-இல் உட்ஃபோர்ட் எதிர் ங்கோ வழக்கில் பெரும்பான்மை தீர்ப்பு. கலிபோர்னியா பரவாயில்லை. மிச்சிகன் விதிப்படி இரண்டு வேலை நாளுக்குள் சம்பந்தப்பட்ட ஊழியரிடமே பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். தீராவிட்டால் அடுத்த ஐந்து வேலை நாளுக்குள் படிவம். அடித்தவரிடமே போய் முதலில் பேச வேண்டிய நிலை வரலாம். சிறை மருத்துவமனையில் படுத்திருந்தால் நாள் ஓடிவிடும்.

அந்த முறையில் பணம் தர வழியே இல்லாவிட்டாலும், பணம் மட்டுமே கேட்பவரும் அதை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று 2001-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. காவலர் அடித்தார் என்ற புகாருக்கும் இதே விதி என்று 2002-இல் இன்னொன்று.

கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்த தீர்ப்புகளும் உண்டு. உள்முறையை முடித்தேன் என்று கைதி மனுவிலேயே நிரூபிக்க வேண்டியதில்லை, முடிக்கவில்லை என்பதை எதிர்த்தரப்புதான் எழுப்ப வேண்டும் (2007). முறை என்ற பெயரில் இருப்பது முட்டுச்சந்தாக இருந்தாலோ, சாதாரண ஆளுக்குப் புரியாத அளவு குழப்பமாக இருந்தாலோ, அதிகாரிகள் மிரட்டியோ ஏமாற்றியோ தடுத்தாலோ, அந்த முறை ‘கிடைக்கவில்லை’ என்றே கொள்ள வேண்டும் (2016, ராஸ் எதிர் பிளேக்). 2025 ஜூனில் வந்த மிச்சிகன் வழக்கு இதன் தொடர்ச்சி. ஊழியர் ஒருவர் பாலியல் தொல்லை கொடுத்தார், புகார்ப் படிவங்களைக் கிழித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்பது கைதியின் குற்றச்சாட்டு. கிழித்தாரா இல்லையா என்பதே வழக்கின் மையமும் ஆவதால், அதை ஜூரிதான் தீர்மானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது.

மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு கேட்கலாமா?

உடற்காயத்தைக் காட்டாமல் மன வேதனைக்கு மட்டும் கேட்க முடியாது. பாலியல் வன்முறைக்கும் இதே விதிதான் நெடுநாள் இருந்தது, 2013-இல்தான் திருத்தினார்கள்.

வக்கீல் வைத்துக்கொண்டால் தீர்ந்ததே?

யார் வருவார்கள்? மற்ற சிவில் உரிமை வழக்குகளில் வென்றால் வக்கீல் செலவைத் தோற்ற தரப்பு கட்டும். கைதி வழக்கில் அந்தக் கட்டணத்துக்கு இரண்டு பூட்டு. மணிக்கணக்குக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ஒன்று. மொத்தத்தில் எதிர்த்தரப்பு தர வேண்டியது தீர்ப்புத் தொகையின் 150 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. ஜூரி ஒரு டாலர் கொடுத்தால், வக்கீலுக்கு ஒன்றரை டாலர்.

கைதி ஜெயித்தாலும் தன் பங்கைத் தர வேண்டும். இலினாய் சிறையில் காவலர்கள் ஒருவரின் கண்குழி எலும்பை நொறுக்கினார்கள். ஜூரி முடிவுக்குப் பிறகு சுமார் 3,07,700 டாலர் நஷ்ட ஈடு, சுமார் 1,08,400 டாலர் வக்கீல் கட்டணம் என்று தீர்ப்பு. நஷ்ட ஈட்டில் 10 சதவீதம் மட்டும் கட்டணத்துக்குப் போகட்டும் என்றது கீழ் நீதிமன்றம். இல்லை, கட்டணம் தீரும்வரை 25 சதவீதம்வரை கைதியின் தொகையிலிருந்து முதலில் எடுக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று சொன்னது. ஏறத்தாழ 77,000 டாலர் அவர் பங்கிலிருந்து போனது.

சட்டம் போட்டதன் நோக்கம் நிறைவேறியதா?

எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது நோக்கமென்றால், நிறைவேறியது. 1995-க்கும் 2001-க்கும் இடையில் கைதிகளின் ஃபெடரல் சிவில் உரிமை வழக்குகள் 43 சதவீதம் குறைந்தன. அதே காலத்தில் கைதிகள் தொகை 23 சதவீதம் கூடியது.

பதரைப் புடைத்து நெல்லை வைத்துக்கொள்வது நோக்கமென்றால் கதை வேறு. பதர் மட்டும் போயிருந்தால், மிஞ்சிய வழக்குகளில் கைதி வெல்லும் விகிதம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்று இந்தப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். வைக்கோல்போரில் ஊசி தேடுபவர், கடைசியில் ஊசியே தேடத் தகுந்ததல்ல என்ற மனநிலைக்கு வந்துவிடுவார் என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் 1953-இல் கைதிகளின் மனுக்களைப் பற்றியே எழுதினார்.

மறுபக்கமும் இருக்கிறது. ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் மனுப் போட்டுத் தள்ளும் கூத்து உண்மையிலேயே நடந்திருக்கிறது. அதைப் படிப்பதற்கும் ஒரு மனிதர் நேரம் செலவழிக்க வேண்டும். அந்த நேரம் அடுத்த உறையில் இருக்கும் நல்ல மனுவிலிருந்துதான் போகிறது. வடிகட்டி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அதன் கண்கள் எவ்வளவு பெரியவை என்பதுதான் சண்டை.

பார்க்க அற்பமாக இருந்து வென்ற வழக்கு ஏதாவது?

அரை அங்குலத் தாடி. ஆர்கன்சா சிறையில் ஒரு முஸ்லிம் கைதி, தன் மதப்படி தாடி வைக்க வேண்டும், சிறை விதிக்காக அரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். தாடிக்குள் கடத்தல் பொருளை ஒளிப்பார் என்றது சிறை நிர்வாகம். அரை அங்குலத்துக்குள் எதை ஒளிக்க முடியும், கேட்கவே அபத்தமாக இருக்கிறதே என்று மாஜிஸ்திரேட் நீதிபதியே வியந்தார். வியந்துவிட்டு, சிறை அதிகாரிகளின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று தள்ளுபடிக்குப் பரிந்துரைத்தார். என்ன காரணம் சொல்லி? ‘வழக்குக்கான அடிப்படை தேறவில்லை’ என்ற அதே காரணம். மேல்முறையீட்டிலும் தோல்வி.

அவர் தாமே கையால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2015 ஜனவரியில் ஹோல்ட் எதிர் ஹாப்ஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம். தலைமுடியை வளர விட்டிருக்கிறீர்களே, அதற்குள் ஒளிக்க மாட்டாரா என்பது தீர்ப்பை எழுதிய சாமுவேல் அலிட்டோ சிறை நிர்வாகத்துக்கு வைத்த கேள்விகளில் ஒன்று.

விடுதலையான பிறகு வழக்குப் போட்டால் இந்தக் கட்டுப்பாடுகள் உண்டா?

மனுப் போடும் நாளில் சிறையில் இருக்கிறாரா என்பதுதான் அளவுகோல். வெளியே வந்தபின் போட்டால் உள்முறை, தவணை, ஸ்டிரைக் எதுவும் குறுக்கே வராது. ஆனால் வழக்குத் தொடரும் காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் இரண்டு, மூன்று வருஷம்தான். நீண்ட தண்டனை உள்ளவருக்கு இந்த வழி பயன்படாது. விசாரணைக் கைதிகளுக்கும் சட்டம் பொருந்தும். விசா, புகலிடச் சிக்கலில் குடியேற்றத் தடுப்பு மையத்தில் இருப்பவர்கள் ‘கைதி’ அல்ல என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் உறவினர் அப்படி மாட்டிக்கொண்டிருந்தால், ‘350 டாலர் கட்டியே ஆக வேண்டும்’ என்று யாராவது சொல்வதை அப்படியே நம்பாமல் வக்கீலைக் கேளுங்கள்.

பொய் வழக்குப் போட்டால் தண்டனைக் காலம் கூடுமா?

கூடாது. ஆனால் ஃபெடரல் கைதி துன்புறுத்தும் நோக்கத்தோடு வழக்குப் போட்டதாகவோ பொய் சொன்னதாகவோ கண்டால், நன்னடத்தைக்காகச் சேர்ந்த நாட்களை நீதிமன்றம் ரத்து செய்யலாம். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?

கைதிகளைக் குறிவைத்து இல்லை. ஓயாமல் வீண் வழக்குப் போடுபவர் யாராக இருந்தாலும் கட்டுப்படுத்த 1949-இலேயே மதராஸ் மாகாணத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அட்வகேட் ஜெனரல் கேட்டுக்கொண்டால், இன்னார் இனி முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடரக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம். அது ஆளைப் பார்த்து, அவர் தரப்பையும் கேட்டுப் போடும் பூட்டு.

சிறை விஷயத்தில் இந்தியா போன திசை வேறு. 1970-களின் இறுதியில் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தலைமை வார்டர் இன்னொரு கைதியைச் சித்திரவதை செய்தார் என்பது விஷயம். நீதிபதி கிருஷ்ண ஐயர் இருந்த அமர்வு அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, வழக்கறிஞர்களைச் சிறைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னது. படிவம் இல்லை, கட்டணம் இல்லை, சிறைக்குள் புகார் செய்தாயிற்றா என்ற கேள்வி இல்லை. எழுதியவருக்குக் காயமும் இல்லை, காயம் வேறொருவருக்கு.